விசைப்பலகையில் இல்லாத கோடுகள்

ஒரு கட்டுரையில் நீண்ட கோடு ஒன்று தென்பட்டால், ‘இதை மனிதர் எழுதியிருக்க முடியாது, அந்தக் கோட்டுக்கு விசைப்பலகையில் விசையே கிடையாது, ஆகவே இயந்திரம்தான் எழுதியிருக்க வேண்டும்’ என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. இந்த வாதத்தின் முற்பாதி பெரும்பாலும் உண்மை; வழக்கமான விசைப்பலகைகளில் அந்தக் கோட்டுக்கெனத் தனி விசை இல்லை. பிற்பாதிதான் பிழை. விசை மேல் அச்சிடப்படாத எழுத்துகளை நாம் நாள்தோறும் தட்டச்சு செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆங்கில எழுத்துகள் மட்டுமே பொறித்த விசைப்பலகையில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆயினும், கோடுகளையும் மேற்கோள்குறிகளையும் பற்றிய பேச்சில் விசை, எழுத்து, எழுத்துரு ஆகிய மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. அந்தக் குழப்பத்தை அவிழ்த்துவிட்டால், எந்தக் கருவியில் எந்தக் கோட்டை எப்படி வரவழைப்பது என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரமாக இல்லாமல், காரணம் தெரிந்த செயலாகிவிடும்.

மூன்று கோடுகளும் ஒரு கழித்தல் குறியும்

முதலில் கோடுகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ‘தாய்-சேய் நலம்’ என்பதில் இரு சொற்களை இணைக்கும் குட்டைக் கோட்டை ஆங்கிலத்தில் ஹைபன் என்பார்கள். இங்கே அதைச் சிறுகோடு என்று அழைப்போம். ஆறுமுக நாவலரின் வாழ்நாளை 1822–1879 என்று குறிக்கும்போது இடையில் வர வேண்டியது சற்று நீளமான இன்னொரு கோடு. ‘இதிலிருந்து இதுவரை’ என்பது அதன் பொருள். சென்னை–மதுரை என்று வழித்தடத்தைக் குறிக்கவும் அது பயன்படும். ஆங்கிலத்தில் அதற்கு ‘என் டாஷ்’ என்று பெயர். தமிழில் அப்படியே எழுதினால் யாரோ தம் சொந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவது போல ஒலிப்பதால், நடுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, வாக்கியத்தின் நடுவே ஒரு கருத்தைச் செருகவோ பேச்சைச் சட்டென்று முறிக்கவோ பயன்படும் ‘எம் டாஷ்’, அது நெடுங்கோடு.

அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: - – —

இவற்றோடு நாலாவதாகக் கழித்தல் குறி (−) ஒன்றும் உண்டு. பார்வைக்கு அது நடுக்கோட்டின் உடன்பிறப்பு போல இருக்கும். ஆனால் கூட்டல் குறியின் படுக்கைக் கோட்டுக்கு நேராக, அதே உயரத்தில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது.

‘எம்’, ‘என்’ என்ற பெயர்கள் ஈய எழுத்து அச்சகத்திலிருந்து வந்தவை. எழுத்தின் அளவு எவ்வளவோ அதே அகலத்துக்கு ஓர் எம் என்றும், அதில் பாதிக்கு ஓர் என் என்றும் பெயர். 12 புள்ளி அளவுள்ள எழுத்தில் ஓர் எம் 12 புள்ளி, ஓர் என் 6 புள்ளி. பிற்காலத்து எழுத்துருக்கள் இந்தக் கணக்கை அப்படியே கடைப்பிடிப்பதில்லை என்றாலும் பெயர்கள் நிலைத்துவிட்டன.

சுருங்கச் சொன்னால், சிறுகோடு இணைக்கும். நடுக்கோடு ‘வரை’ என்று சொல்லும். நெடுங்கோடு வாக்கியத்தை நிறுத்திப் பேசும். கழித்தல் குறி கணக்குக்கு உரியது.

விசை ஏன் ஒன்றே ஒன்று?

கையால் அச்சுக் கோத்த காலத்தில் இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஈயத் துண்டு. அச்சுக்கோப்பவர் தம் மரப்பெட்டியின் எந்த அறையில் எது இருக்கிறது என்பதை அறிந்திருந்தார். அவருக்கு நெடுங்கோட்டை எடுப்பதும் ‘அ’வை எடுப்பதும் ஒரே வேலை. 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் தட்டச்சுப்பொறி சந்தைக்கு வந்து, அந்த வகைப் பொறி அலுவலகங்களில் பரவிய பின்பே சிக்கல் தொடங்கியது. பொறியில் விசைகளுக்கு இடம் குறைவு; ஒரு விசை கூடினால் ஒரு நெம்புகோல் கூட வேண்டும். எனவே நாலு கோடுகளின் வேலையையும் ஒரு கோட்டின் தலையில் கட்டினார்கள். நெடுங்கோடு வேண்டுமென்றால் சிறுகோட்டை இரண்டு முறை தட்டுவது வழக்கமாயிற்று. திறக்கும் மேற்கோள்குறிக்கும் மூடும் மேற்கோள்குறிக்கும் பொதுவாக, எந்தப் பக்கமும் சாயாத நேர்க்குறி ஒன்று போதும் என்று ஆனது.

கணினி வந்தபோது இந்தச் சிக்கனம் அப்படியே தொடர்ந்தது. 1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தரம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒரு பட்டியல். அதில் மொத்தம் 128 இடங்கள், அவற்றுள், 1967-இல் திருத்தம் பெற்ற பிறகும், இடைவெளியையும் சேர்த்து அச்சில் வரக்கூடியவை 95 மட்டுமே. கோட்டுக்குக் கிடைத்தது 45 என்ற ஓர் இடம். அது சிறுகோடாகவும் கழித்தலாகவும் இரட்டை வேலை பார்த்தது. இன்றைக்கும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள விசையை அழுத்தினால் வருவது அந்த 45-ஆம் எண்காரர்தான்.

சுவிட்சும் விளக்கும்

புதிதாகக் குடிபோன வீட்டில் ஒரு சுவிட்சைத் தட்டுகிறோம். கூடத்து விளக்கு எரியும் என்று நினைத்தால் திண்ணை விளக்கு எரிகிறது. சுவிட்சின் மேல் எதுவும் எழுதியிருக்கலாம். எந்த விளக்கு எரியும் என்பதைச் சுவருக்குள் ஓடும் கம்பிதான் தீர்மானிக்கிறது.

விசைப்பலகையும் அப்படியே. விசை என்பது சுவிட்சு. அதை அழுத்தும்போது ‘இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது’ என்ற செய்தி மட்டுமே கணினிக்குப் போகிறது. அது எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது கணினிக்குள் இருக்கும் விசைப்பலகைத் தளக்கோலம், அதாவது விசைக்கு இன்ன எழுத்து என்று வகுத்த அட்டவணை. தமிழ் 99 தளக்கோலத்துக்கு மாறிவிட்டால், அரைப்புள்ளி பொறித்த விசை ‘ந’ தருகிறது. அதற்கு அடுத்த மேற்கோள்குறி விசை ‘ய’ தருகிறது. விசை அதேதான், கம்பி மாறிவிட்டது. (மேற்கோள்குறியைத் தேடிக் களைத்துப்போன தமிழ் 99 பயனர்கள் சிலரை நான் அறிவேன். அந்தக் களைப்பின் காரணம் இதுதான்.)

ஆகவே ‘விசை இல்லை’ என்பதால் ‘எழுத்து வராது’ என்று முடிவுகட்ட முடியாது. ஆல்ட், ஷிப்ட் போன்ற துணை விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதே சுவிட்சில் இன்னொரு விளக்கு எரியும்படி கம்பி இழுத்திருக்கலாம்.

எழுத்து என்பது ஓர் எண்

கணினி கோட்டை வரைந்து சேமிப்பதில்லை. அதன் எண்ணைச் சேமிக்கிறது. அந்த எண்ணுக்குரிய உருவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு, அதாவது எண்களுக்கான வடிவங்களின் தொகுப்பு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது கண்கூடு. அங்கே கணினி சேமித்தது ஆங்கில எண்களையே. எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் வடிவம் பூட்டியது. காற்புள்ளியின் எண்ணுக்கு அதில் ‘இ’ என்ற வடிவம் இருந்தது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘இ’ இருந்த இடமெல்லாம் காற்புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது யூனிகோடு: உலகின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் தராத ஓர் எண்ணைத் தரும் பொதுப் பட்டியல். ‘க’வின் எண் 2965. நடுக்கோட்டுக்கு 8211, நெடுங்கோட்டுக்கு 8212. பழைய 45-ஆம் எண் கோடும் அதே எண்ணோடு நீடிக்கிறது. வளைந்த இரட்டை மேற்கோள்குறிகளில் திறப்பது 8220, மூடுவது 8221. ஒற்றைக் குறிகளுக்கு 8216, 8217. மூன்று புள்ளிகளை ஒரே எழுத்தாக ஆக்கிய முப்புள்ளிக்கு 8230. யூனிகோட்டின் முதன்மைத் தமிழ்ப் பகுதியில் நிறுத்தக்குறி எதற்கும் தனி இடம் கிடையாது; எல்லா மொழிகளுக்கும் பொதுவான இந்தக் குறிகளையே நாமும் எடுத்தாள்கிறோம். ஓலைச்சுவடியில் இல்லாமல் அச்சோடு வந்து சேர்ந்த குறிகளுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதே.

ஒரு சிறு எச்சரிக்கை. யூனிகோடு எண்களைப் பெரும்பாலும் பதினாறடிமான முறையில் எழுதுவார்கள். அதாவது பத்துக்குப் பத்தாக அல்லாமல் பதினாறுக்குப் பதினாறாக எண்ணும் முறை. அந்த முறையில் நடுக்கோடு 2013, நெடுங்கோடு 2014, கழித்தல் குறி 2212. முதலிரண்டும் ஆண்டுகள் போலத் தோன்றுவது தற்செயலே. நினைவில் வைத்துக்கொள்ள மட்டும் உதவும்.

ஆக, அழுத்துவது விசை. அதை எண்ணாக மாற்றுவது தளக்கோலம். எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. கோட்டின் நீளம் கண்ணுக்குத் தெரிவது. கணினிக்குத் தெரிவது எண் மட்டுமே.

விண்டோஸ் கணினியில்

விண்டோஸில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழி, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0150 என்று தட்டி ஆல்டை விடுவது. நடுக்கோடு வரும். 0151 என்றால் நெடுங்கோடு, 0147, 0148 இரட்டை மேற்கோள்குறிகள், 0145, 0146 ஒற்றைக் குறிகள், 0133 முப்புள்ளி.

மேலே சொன்ன யூனிகோடு எண்களோடு இவை ஒத்துப்போகவில்லையே என்று கேட்பது நியாயம். இவை யூனிகோட்டுக்கு முன்பு மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக விண்டோஸ் வைத்திருந்த 256 இடப் பட்டியலின் எண்கள். பழக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இன்றும் விட்டுவைத்திருக்கிறார்கள். முன்னால் உள்ள பூச்சியம் அழகுக்கு இல்லை. அதை விட்டுவிட்டு 151 என்று மட்டும் தட்டினால், விண்டோஸ் அதைவிடப் பழைய, டாஸ் என்ற முந்தைய இயங்குதளக் காலத்துப் பட்டியலுக்குப் போய், தலையில் சாய்கோடு தாங்கிய ஓர் ஐரோப்பிய உயிரெழுத்தை எடுத்துக் கொடுக்கும். ‘எனக்கு மட்டும் ஏன் வரவில்லை’ என்ற புலம்பலுக்கு, விடுபட்ட பூச்சியம் அல்லது எண்பலகையை எண் தட்ட வைக்கும் நம்லாக் விசை அணைந்திருப்பது, இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும்.

எண்பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த வழி உதவாது. அங்கே விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பலகை திறக்கும். இமோஜிகளோடு குறிகளுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு, கோடுகள் அங்கே கிடைக்கும். வேர்டு மென்பொருளில் மட்டும் இன்னும் நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது: 2014 என்று தட்டி, உடனே ஆல்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால், அந்த எண் நெடுங்கோடாக மாறிவிடும். மற்ற எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இதுதான். எண்தான் எழுத்து என்பதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

மேக், லினக்ஸ்

மேக் கணினிகளில் பேச்சுக்கு அதிகம் இடமில்லை. ஆங்கிலத் தளக்கோலத்தில் ஆப்ஷனோடு சிறுகோடு விசையை அழுத்தினால் நடுக்கோடு. ஷிப்டையும் சேர்த்தால் நெடுங்கோடு. ஆப்ஷனோடு அரைப்புள்ளி, முப்புள்ளி. ஆப்ஷனோடு இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி, திறக்கும் இரட்டை மேற்கோள். ஷிப்டைச் சேர்த்தால் மூடும் மேற்கோள். கம்பியைத் தொடக்கத்திலேயே இழுத்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மேக்கில் எழுதிப் பழகியவர்களின் உரையில் நெடுங்கோடு தாராளமாகப் புழங்குவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

லினக்ஸில் ‘கம்போஸ்’ என்றொரு விசையை அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அதை அழுத்திவிட்டு மூன்று முறை சிறுகோடு தட்டினால் நெடுங்கோடு. இரண்டு சிறுகோடும் ஒரு முற்றுப்புள்ளியும் தட்டினால் நடுக்கோடு. லினக்ஸின் பல செயலிகளில் கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி, 2014 என்று தட்டி என்டர் கொடுத்தாலும் போதும்.

கைப்பேசியில்

கைப்பேசித் திரையில் விசை என்பதே வெறும் படம் என்பதால் சிக்கல் மிகவும் குறைவு. எண்கள் உள்ள பக்கத்துக்குப் போய்ச் சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால், ஐபோனிலும் ஆண்ட்ராய்டின் கூகுள் விசைப்பலகையிலும் நடுக்கோடும் நெடுங்கோடும் மேலே எழும்பி வரும். விரலை எடுக்காமல் நகர்த்தி, வேண்டியதன் மேல் விட வேண்டும். மேற்கோள்குறியை அழுத்திப் பிடித்தால் வளைந்த வடிவங்கள் வரும்.

கேட்காமலே மாற்றிவிடும் மென்பொருள்

தொடக்கத்தில் சொன்ன தவறான தீர்ப்பு முழுவதுமாக உடைந்துபோவது இந்த இடத்தில்தான். எழுதுபவர் எந்தச் சிறப்பு விசையையும் தொடாமலே நெடுங்கோடு வந்து விழக்கூடும்.

வேர்டில் ஒரு சொல்லை ஒட்டி இரண்டு சிறுகோடுகளைத் தட்டி, இடைவெளி விடாமல் அடுத்த சொல்லை எழுதி முடித்தால், அவை நெடுங்கோடாக இணைந்துவிடும். இடைவெளி, ஒரு சிறுகோடு, இடைவெளி என்று எழுதினால் நடுக்கோடு கிடைக்கும். ஐபோனில் 2017-இல் வந்த பதினோராம் இயங்குதளப் பதிப்பிலிருந்து ‘ஸ்மார்ட் பங்க்சுவேஷன்’ என்ற வசதி இருக்கிறது. அது இரட்டைச் சிறுகோட்டை நெடுங்கோடாகவும், நேர்மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் மாற்றும். வேண்டாதவர்கள் அமைப்புகளில் ஜெனரல், அதனுள் கீபோர்டு என்று போய் அணைத்துவிடலாம். கணிதக் கட்டுரைகளை அச்சிடப் பயன்படும் டெக் மென்பொருளுக்கு வேறு மரபு: இரண்டு சிறுகோடுகள் நடுக்கோடு, மூன்று நெடுங்கோடு. இரட்டைச் சிறுகோடு என்ற ஒரே தட்டச்சுக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு பொருள் கொள்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேற்கோள்குறியை வளைக்கும் உத்தி இன்னும் எளிமையானது. குறிக்கு முன்னால் இடைவெளியோ வரித் தொடக்கமோ இருந்தால் அது திறக்கும் குறி. எழுத்து இருந்தால் மூடும் குறி. இவ்வளவுதான் அதன் அறிவு. பொருள் புரிந்து மாற்றுவதில்லை. ஆகவே நெடுங்கோட்டை ஒட்டி மேற்கோள் தொடங்கினால் குறி தலைகீழாக விழும். ’90-களில் என்று நூற்றாண்டை விட்டுச் சுருக்கி எழுத முயன்றால், மூடும் வடிவம் வர வேண்டிய இடத்தில் திறக்கும் வடிவம் வந்து நிற்கும்.

தட்டியது ஒன்று, கோப்பில் இருப்பது மற்றொன்று என்ற நிலை இவ்வாறு இயல்பாகவே உண்டாகிறது. ஒரு கோட்டைப் பார்த்து அதை வைத்தது விரலா, மென்பொருளா, வேறு இயந்திரமா என்று சொல்ல வழி இல்லை.

தவறான எண் கெடுக்கும் இடங்கள்

நீளம் சற்று மாறினால் என்ன என்று விட்டுவிடலாம். வாசகர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கணினி கவனிக்கும். கணினிக்கு ஆணைகளை எழுத்தாகத் தட்டிக் கொடுக்கும் கட்டளை வரியில், ஒரு கட்டளையின் விருப்பத் தெரிவுகள் 45-ஆம் எண் கோட்டோடு தொடங்க வேண்டும். யாரோ வேர்டில் எழுதி வைத்த குறிப்பிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால், அங்கே அது நடுக்கோடாக மாறியிருக்கும், கணினி ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் பிழையைத் தேடி ஒரு முற்பகலைத் தொலைக்கலாம். நான் தொலைத்திருக்கிறேன். நிரல்களிலும் கடவுச்சொற்களிலும் வளைந்த மேற்கோள்குறி செய்யும் வேலையும் இதுவே.

குறுஞ்செய்தியில் இழப்பைப் பணமாகவே கணக்கிடலாம். வழக்கமான ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. ஆனால் அது ஒரு குறுகிய எழுத்துப் பட்டியலுக்குள் அடங்கினால்தான். அந்தப் பட்டியலில் நெடுங்கோடும் இல்லை, வளைந்த மேற்கோளும் இல்லை. அப்படி ஒரே ஒரு குறி நுழைந்தாலும் செய்தி முழுவதும் வேறு குறிமுறைக்கு மாறி, இடம் 70 எழுத்தாகச் சுருங்கிவிடும். தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு எப்போதுமே 70தான் என்பதால் நமக்கு இந்த அதிர்ச்சி இல்லை. ஆயிரக்கணக்கானோருக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பு அனுப்பும் அலுவலகங்களுக்கு உண்டு.

கோப்பைத் தவறான பட்டியலை வைத்துத் திறந்தாலும் சிக்கல் வரும். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் முறை. அதில் நெடுங்கோடு மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சேமிப்பு அலகுகளாக, பதிவாகிறது. பழைய 256 இடப் பட்டியலை வைத்து அதைப் படிக்கும் மென்பொருள், மூன்று பைட்டுகளையும் மூன்று எழுத்துகளாக எண்ணி, தொப்பி அணிந்த ஓர் ஐரோப்பிய எழுத்தையும் யூரோ நாணயக் குறியையும் இன்னொரு குறியையும் காட்டும். தமிழ் எழுத்துகளும் அதே முறையில் மூன்று மூன்று பைட்டுகளே. தமிழ்ப் பக்கம் ஒன்று புரியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

கடைசியாக, தேடலும் மாற்றலும். ஒரு விழா மலரைத் தொகுத்தபோது, கட்டுரையாளர்கள் சிலர் விண்டோஸிலும் சிலர் மேக்கிலும் பலர் கைப்பேசியிலும் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆண்டுகளுக்கு இடையில் மூன்று விதக் கோடுகளும் கலந்து கிடந்தன. ஐயமான இடங்களில் கோட்டின் வலப்பக்கம் சுட்டியை வைத்து, வேர்டில் ஆல்டும் எக்ஸும் அழுத்தினேன். இந்தக் கட்டளை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதால், கோடு மறைந்து அதன் எண் வெளிப்பட்டது. மீண்டும் அழுத்தினால் எண் கோடாகிவிடும். இப்படி எல்லாவற்றையும் இனங்கண்டபின், இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் வரும் சிறுகோடுகள் அனைத்தையும் ஒரே ஆணையில் நடுக்கோடாக மாற்றினேன். ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காயின. மலரின் பின்பக்க விளம்பரங்களில் இருந்த தொலைபேசி எண்களும் நடுக்கோடு பெற்றிருந்ததை மெய்ப்புப் பார்த்தவர் சுட்டிக்காட்டிய பிறகு, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியதாயிற்று.